‘யெஸ்’ சொல்லி மாட்டிக்கொள்ளும் இடங்கள்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டித் தலவிலையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சுநடை பெரும்பாலும் மாற்றப்படவில்லை.)



எனக்குத் தந்திருப்பது இருபது நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பழகிய வாய்க்கு இது பாதிதான். ஆகவே நேரே பாடத்துக்கு வருகிறேன். வரவு எடுக்கப்போவதில்லை. ஆனால் பின்வரிசையில் யார் கதைக்கிறார்கள் என்பது இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. அந்த வரிசை அன்றும் அப்படித்தான்.

நம்முடைய சங்கத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் இது ‘ஓல்ட் கேர்ள்ஸ் அசோசியேஷன்’. கனடாவில் பிறந்த என் பேத்தி அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, நீங்கள் ஓல்டா, கேர்ளா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழில் ‘பழைய’ என்பது ஒரு சொல், ‘வயதான’ என்பது வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஓல்ட்’தான். அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் சாயும். ‘ஆன் ஓல்ட் ஃப்ரெண்ட்’ என்றால் பெரும்பாலும் பழைய சிநேகிதி. ‘மை ஃப்ரெண்ட் இஸ் ஓல்ட்’ என்றால் வயதானவள்தான், அதில் தப்ப வழியில்லை. ஆகவே நாம் எல்லோரும் ‘ஓல்ட் கேர்ள்ஸ்’, ஆனால் ‘ஓல்ட்’ அல்ல. பேத்திக்கு இதைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை.

இதே வழியில் போகும் இன்னொரு சொல் இருக்கிறது. அதில் சிரிப்பு வராது. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் காலஞ்சென்ற என் தகப்பன். ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றால் அப்பா வரப் பிந்திவிட்டார். நேர்முகப் பரீட்சையில் தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டால், தகப்பனை இழந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்கிறது. எதிரே இருப்பவர், வீதியில் நெரிசலாக்கும் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். சொல் இரண்டு இடம் தள்ளி நின்றதால் அந்தப் பிள்ளையின் துக்கம் யாருக்கும் கேட்காமல் போகிறது. ‘மை ஃபாதர் இஸ் டெட்’ என்பது கடுமையாக இருந்தால் ‘மை ஃபாதர் பாஸ்ட் அவே’ என்று சொல்லலாம்.

நான் இன்று கதைக்க வந்தது இப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான். எழுத்துக்கூட்டல், பன்மைக்கு ‘எஸ்’ போடுவது, இதெல்லாம் பயிற்சியில் சரிவரும். புத்திசாலிப் பிள்ளைகளும் தடுக்கி விழுவது வேறு இடத்தில். தமிழில் முற்றிலும் சரியாக யோசித்துவிட்டு, அதை அப்படியே ஆங்கிலச் சொற்களில் எடுத்துவைக்கும் இடத்தில். அங்கே பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. தமிழ் இங்கே ஒரு பக்கம் திரும்புகிறது, ஆங்கிலம் மற்றப் பக்கம் திரும்புகிறது என்று சந்தியைக் காட்டிவிட்டால் போதும்.

இவற்றுள் மிக ஆபத்தான சந்தி, ‘யெஸ்’, ‘நோ’.

இங்கிலாந்தில் வசிக்கும் நம் மாணவி ஒருத்தி சொன்னது இது. நான்கு வயது மகளுக்குக் காலையில் சிறிய சத்திரசிகிச்சை. முதல்நாள் இரவிலிருந்து பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது. இவளும் கொடுக்கவில்லை. பிள்ளை அழுதும் கொடுக்கவில்லை. காலையில் தாதி வந்து, ‘ஷி ஹாஸ்ன்ட் ஈட்டன் எனிதிங், ஹாஸ் ஷி?’ என்று கேட்டார். இவள் உடனே ‘யெஸ்’ என்றாள். மனதில் இருந்தது, ‘ஓம், ஒன்றும் சாப்பிடவில்லை’. தாதியின் காதில் விழுந்தது, ‘ஓம், சாப்பிட்டாள்’. மயக்கமருந்து கொடுக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகலாம். ஆகவே அன்றைக்குச் சத்திரசிகிச்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாதிக்குக் காது கேட்காதாக்கும் என்றுதான் இவள் வெகுகாலம் நினைத்திருந்தாள். தாதிக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இது பிந்தியதோடு போயிற்று. பிள்ளை உண்மையில் எதையாவது சாப்பிட்டிருந்து, இவள் ‘இல்லை, சாப்பிட்டுவிட்டாள்’ என்ற நினைப்பில் வெறுமனே ‘நோ’ என்று சொல்லியிருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

என்ன நடந்தது என்று பாருங்கள். தமிழில் ‘ஓம்’ என்பது கேட்டவரோடு உடன்படுவது. “சாப்பிடவில்லையா?” என்று கேட்டால், “ஓம், இன்னும் சாப்பிடவில்லை” என்கிறோம். நீங்கள் நினைத்தது சரி என்று அர்த்தம். (சிலவேளை “இல்லை, இன்னும் சாப்பிடவில்லை” என்றும் சொல்வோம். தமிழிலேயே இரண்டும் ஓடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.) ஆங்கிலத்து ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதே இல்லை. நடந்ததை மட்டும் பார்க்கிறது. நடந்திருந்தால் ‘யெஸ்’, நடக்காவிட்டால் ‘நோ’. கேள்வி எப்படி வந்தாலும் கணக்கு இல்லை.

நாம் மட்டும் இப்படி யோசிக்கிறோம் என்று நினைக்கவேண்டாம். ஜப்பானியரின் ‘ஹாய்’ நம்முடைய ‘ஓம்’ போலத்தான், கேட்டவரோடு உடன்படும். பாரிசிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரியும், எதிர்மறைக் கேள்வியை மறுத்துச் சொல்லப் பிரெஞ்சில் ‘வீ’ வராது, ‘ஸீ’ என்று தனிச்சொல் இருக்கிறது. ஜெர்மனியில் இருப்பவர்கள் அதே இடத்தில் ‘டொக்’ என்பார்கள். ஆங்கிலத்திலும் ஒருகாலம் நான்கு சொல் இருந்தது. சாதாரணக் கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’. பைபிளை மொழிபெயர்த்த டின்டேல் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை என்று புனித தோமஸ் மோர் 1532இல் கண்டித்து எழுதினார். அதற்குப் பிறகு அந்த நான்கும் இரண்டாகத் தேய்ந்துவிட்டன. ஆங்கிலேயரே கைவிட்ட ஓர் ஒழுங்கு இல்லாததால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். இதைப் பத்தாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி வரும், பார்த்திருக்கிறேன்.

வழி என்ன? ‘யெஸ்’, ‘நோ’ இரண்டையும் தனியே விடாதீர்கள். வாலைச் சேர்த்து அனுப்புங்கள். ‘நோ, ஷி ஹாஸ்ன்ட்’. ‘யெஸ், ஷி ஹாஸ்’. அந்த அவசரத்தில் எது வருமென்று நிச்சயமில்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்: ‘ஷி ஹாஸ் ஈட்டன் நத்திங்’. தமிழில் நாம் பாதி நேரம் அதைத்தானே செய்கிறோம், “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்று. வைத்தியசாலையிலும் குடிவரவு மேசையிலும் இது உயிர்காக்கும் பழக்கம்.

பஸ்ஸில் ஒருவர் ‘டூ யூ மைன்ட் இஃப் ஐ ஸிட் ஹியர்?’ என்றால், ‘யெஸ், யெஸ், ப்ளீஸ்’ என்று நாம் அன்போடு இடம் காட்டுவோம். அவர் நின்றுகொண்டே இருப்பார். ‘மைன்ட்’ என்றால் ஆட்சேபம். ஆட்சேபம் இல்லை என்பதற்கு ‘நோ, நொட் அட் ஓல்’.

அடுத்தது ‘ஏ’யும் ‘த’வும். தமிழில் இவை இல்லை, அதனால் வராது என்று சொல்லிப் பலர் கைகழுவிவிடுகிறார்கள். தமிழில் இல்லை என்பது முழு உண்மையல்ல. “மீன் வாங்கினேன்” என்பதற்கும் “மீனை வாங்கினேன்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். முதலாவது, சும்மா மீன். இரண்டாவது, நாம் ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருந்த அந்த மீன். அந்த ‘ஐ’ செய்யும் வேலையில் ஒரு பங்கைத்தான் ஆங்கிலத்தில் ‘த’ செய்கிறது. கேட்பவருக்கு எது என்று தெரியுமா, தெரியாதா என்பதுதான் விஷயம். ‘ஐ சோ ஏ போட்’ என்றால் ஏதோ ஒரு படகு. ‘த போட்’ என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த படகு. ‘ஐ’யை எல்லா இடத்திலும் ‘த’வுக்கு நேராக வைக்க முடியாது, ஆட்களின் பெயரோடு வரும்போது கணக்கு வேறு. தொடங்குவதற்கு இந்த வாசல் போதும்.

இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை விளக்கத் தலவிலையை விட நல்ல இடம் கிடைக்காது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் திருநாளுக்கு இங்கே வரும் சனம் எல்லோரும் ‘கோ டு சர்ச்’. ‘த’ கிடையாது. மின்குமிழ் மாட்டவும் ஒலிபெருக்கி திருத்தவும் வருபவர் ‘கோஸ் டு த சர்ச்’. அவர் வருவது கட்டடத்துக்கு, மற்றவர்கள் வருவது வழிபாட்டுக்கு. ஓர் இடத்துக்கு அந்த இடத்தின் காரியத்துக்காகவே போனால் ‘த’ விழுந்துவிடும். மாணவி ‘கோஸ் டு ஸ்கூல்’, கூட்டத்துக்கு வரும் தாய் ‘கோஸ் டு த ஸ்கூல்’. நோயாளி ‘இன் ஹொஸ்பிட்டல்’, பார்க்கப் போனவர் ‘இன் த ஹொஸ்பிட்டல்’. டொரொன்டோ தங்கைமார் தலையாட்டவில்லை. அது சரிதான், வட அமெரிக்காவில் நோயாளியும் ‘இன் த ஹொஸ்பிட்டல்’தான். வீட்டில் பிள்ளைகள் திருத்தினால் சண்டைக்குப் போகவேண்டாம்.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பவற்றுக்குச் சிவப்பு மை எவ்வளவு செலவழித்திருக்கிறோம்! எந்த வினைக்கு ‘இங்’ வராது என்று நீளமான பட்டியல் ஒன்றைப் பாடமாக்கக் கொடுப்பார்கள். வகுப்பில் நான் வைத்திருந்தது ஒரு குறுக்குவழி. தமிழில் அந்த வசனம் ‘எனக்கு’ என்று தொடங்கினால் ‘இங்’ வேண்டாம். எனக்குத் தெரியும், எனக்கு விளங்குகிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள், எனக்குக் காய்ச்சல். எல்லாம் ‘ஐ நோ’, ‘ஐ அன்டர்ஸ்டான்ட்’, ‘ஐ லைக்’, ‘ஐ வொன்ட்’, ‘ஐ ஹாவ்’. ‘நான்’ என்று தொடங்கினால் ‘இங்’ வரலாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’. அதே ‘ஹாவ்’தான், பாருங்கள். நூற்றுக்கு நூறு பொருந்தாது. குளிர், வலி வரும் இடங்களில் இடறும். ஆனால் அந்தப் பட்டியலை விட இது நெடுங்காலம் ஞாபகத்தில் நிற்கும்.

‘போயிருக்கிறாள்’ என்பது ஒரு சின்னக் கண்ணி. “அவள் தலவிலைக்குப் போயிருக்கிறாள்.” இப்போது இங்கேதான் நிற்கிறாளா, எப்போதோ வந்துபோனவளா? தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு. ஆங்கிலம் பிரித்துவிடும். ‘ஷி ஹாஸ் கோன் டு தலவில’ என்றால் இன்னும் திரும்பவில்லை. ‘ஷி ஹாஸ் பீன் டு தலவில’ என்றால் போய்வந்த அனுபவம் உண்டு. நேற்று, போன வருடம் என்று நாள் சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம், வெறும் ‘வென்ட்’. ‘நேற்றுப் போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹாட் கோன் யெஸ்டர்டே’ ஆக்கவேண்டாம்.

இனி மரியாதை. இலக்கணத்தைவிட இது முக்கியம் என்று எனக்கு இப்போது படுகிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளிநாட்டில் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்கிறார்கள். கற்பிட்டியில் காற்றுக்கும் டொல்பினுக்கும் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியபின் இங்குள்ள ஹோட்டல்களிலும் செய்கிறார்கள். வேலை நன்றாகச் செய்வார்கள், ஆனால் ‘கொஞ்சம் முரடு’ என்று பெயர் வந்துவிடும். தமிழில் இவர்களைப் போலத் தன்மையானவர்கள் இல்லை. எங்கே தவறுகிறது?

தமிழில் நம் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. “கையைத் தாங்க.” அந்த ‘ங்க’ போதும், ‘தயவுசெய்து’ கூடத் தேவையில்லை. இதை ஆங்கிலத்தில் ‘கிவ் மீ யுவர் ஹேண்ட்’ என்று மாற்றும்போது வால் அறுந்துவிடுகிறது. கிழவிக்குக் கேட்பது, “கையைத் தா”. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவும் இல்லை, எல்லோரும் ‘யூ’தான். ஆகவே மரியாதையை வசனத்தின் தலையில் வைக்கவேண்டும்: ‘குட் யூ கிவ் மீ யுவர் ஹேண்ட்?’ கேள்வியாகக் கேட்கவேண்டும். ‘குட்’, ‘வுட்’ எல்லாம் இறந்தகாலம் என்று படித்தோமே, இப்போது கை கேட்பதற்கு ஏன் இறந்தகாலம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாம் ஒருவரிடம் கடன் கேட்கப் போனால் எப்படித் தொடங்குகிறோம்? “ஒரு உதவி கேட்கலாம் என்று வந்தேன்.” ‘கேட்கிறேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை, ஒரு எட்டுப் பின்னால் தள்ளி நிற்கிறோம். ‘ஐ வாஸ் வொன்டரிங்’ என்பதும் அதே எட்டுத்தான்.

‘ஹாட் பெட்டர்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். “இருந்தால் நல்லது” என்ற நினைப்பில் விருந்தாளியிடம் ‘யூ ஹாட் பெட்டர் ஸிட் டவுன்’ என்று சொல்லக்கூடாது. அதற்குள் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இல்லாவிட்டால் பார் என்ற மாதிரி. ‘வுட் யூ லைக் டு ஸிட் டவுன்?’ என்றால் போதும்.

ஆங்கிலம் நம்மைவிடக் குறையாக நிற்கும் இடமும் உண்டு. நாம், நாங்கள். ‘வி ஆர் கோயிங் டு கல்பிட்டிய’ என்றால் எதிரே நிற்பவரும் வருகிறாரா, அவரை விட்டுவிட்டுப் போகிறார்களா என்று தெரியாது. ஹோட்டலில் வேலைசெய்யும் பிள்ளை ‘வி ஹாவ் டின்னர் அட் எய்ட்’ என்றால் அது விருந்தாளிக்கா, வேலையாட்களுக்கா? இங்கே ஆங்கிலேயர்தான் ‘ஓல் ஒஃப் அஸ்’, ‘த ஸ்டாஃப்’ என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் இதையும் காட்டுங்கள்.

இந்த மணல் நிலத்துக்கு ஆங்கிலம் நேற்று வந்ததல்ல. சைமன் காசிச்செட்டி 1807இல் இங்கே பக்கத்தில், கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கெசற்றியர்’ என்ற ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘தமிழ் புளூராக்’ 1859இல் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். தமிழை ஒருகையில் பிடித்துக்கொண்டே மற்றக்கையால் ஆங்கிலத்தைப் பிடித்த மனிதர். ஆங்கில வகுப்பில் தமிழ் வாயைத் திறந்தால் சதக்கணக்கில் தண்டம் கட்டவைத்த பாடசாலைகளை நினைத்தால் எனக்கு இந்த மனிதரின் ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும் திருத்தவும் வேண்டாம். ‘போய்ட்டு வாறேன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்கிறோம். லண்டனில் சொன்னால் நம் வருகைக்காகக் கதவைத் திறந்துவைத்திருப்பார்கள், அங்கே வேண்டாம். இங்கே தாராளமாகச் சொல்லுங்கள். ‘போகிறேன்’ என்று சொல்லி வீட்டைவிட்டு இறங்க எனக்கு இன்னும் மனம் வராது. இலங்கை ஆங்கிலத்துக்கென்று 2007இல் மைக்கேல் மெய்லர் ஓர் அகராதியே வெளியிட்டிருக்கிறார். நம் பேச்சுக்கும் ஓர் இடம் உண்டு. எந்த இடத்தில் எது என்று தெரிந்திருந்தால் சரி.

1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு ஆங்கிலம் இந்நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதியாயிற்று. இன்று நம் பாடசாலையில் பதினோராம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசிப்பார்கள், எழுதுவார்கள். யாராவது எதிரே வந்து கேள்வி கேட்டால்தான் வாய் மூடிவிடும். ‘யெஸ்’ஸா ‘நோ’வா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் கேட்டவர் போய்விடுவார். அவர்களுக்குத் தேவை புத்தகம் அல்ல, திட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், செயலாளர் சம்மதித்துவிட்டார். ஒரு பழைய மாணவிக்கு ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை. கிழமைக்கு ஒருமுறை, பாடசாலைக் கணினி அறையிலிருந்து, ஓர் ஆசிரியை பக்கத்தில் இருக்க, இருபது நிமிடம் ஆங்கிலத்தில் கதைக்கவேண்டும். பாடம் நடத்தவேண்டாம். உங்கள் ஊரில் மழையா, என்ன சமைத்தீர்கள், வேலை எப்படி, இவை போதும். எதிர்மறைக் கேள்விகள் நிறையக் கேளுங்கள். தடுக்கினால் தமிழில் விளக்குங்கள். சனிக்கிழமை இலங்கை நேரம் மாலை நான்கு மணி என்று யோசித்திருக்கிறோம். லண்டனில் அது காலை. டொரொன்டோவில் கோடைகாலத்தில் விடிய ஆறரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. முடியாதவர்கள் வேறு நேரம் எழுதித் தரலாம். பெயர் பதியும் கொப்பி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.